பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

எல்லா விடைகளையும் சரியாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் திருடர்கள். மீட்பு மையத்தில் சேர்ந்த மூன்றாவது மாதமே இது எனக்குத் தெரிந்துவிட்டது. மேற்பார்வையாளர் பெனிட்டாவிடம் சொன்னேன். "சரி, அதை எந்தப் படிவத்துல எழுதறது?" என்று கேட்டார். அப்படி ஒரு படிவம் இல்லை. விட்டுவிட்டேன்.

கைரேகை, முகம், குரல் மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தபடியே போலியாகத் தயாரிக்கலாம் என்று ஆன பிறகு வந்தவை இந்த மையங்கள். இனி உடம்பை நம்ப முடியாது, ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். ஆளுக்கு ஒரு சாவி கொடுத்தார்கள். சாவி என்றால் ஒரு கடவுச்சொல்தான். ஆனால் வீட்டுக் கதவு, சம்பளம், ரேஷன், பேருந்து, மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. மறந்துபோனால் எங்களைக் கூப்பிட வேண்டும். பன்னிரண்டு கேள்வி கேட்போம். ஒன்பது சரியாக இருந்தால் புதுச் சாவி.

கேள்விகளை எழுதிய குழுவில் நம் ஊர்க்காரர்கள்தான் இருந்தார்கள். முதலில் வளர்த்த நாய்க்குட்டியின் பெயர் என்ன என்பது மாதிரியான வெளிநாட்டுக் கேள்விகள் இங்கே செல்லாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பிறந்த நட்சத்திரம், பிறந்த நேரம், குலதெய்வம் இருக்கிற ஊர், காது குத்தும்போது உட்கார்ந்த மடி யாருடையது, வீட்டில் கூப்பிடும் பெயர் என்று போட்டார்கள். வெளியாட்கள் யாருக்கும் இதெல்லாம் தெரியாது என்றார்கள். உண்மைதான். வெளியாட்களுக்குத் தெரியாது.

அழைப்பவரின் சொந்தக் குரல் எங்களுக்கு வராது. ஆணோ பெண்ணோ கிழவரோ, எல்லோருடைய பேச்சும் ஒரே குரலில்தான் காதில் விழும். அலுவலர் குரலைக் கேட்டு ஏமாறக் கூடாது என்று அப்படி ஒரு வடிகட்டி. அழைப்பவருக்குப் பக்கத்தில் வேறு யாராவது பேசினால் அதையும் அது நீக்கிவிடும். நீக்கும்போது திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி எரியும்.

சேலம் மையத்தில் எனக்குப் பதினோராவது கவுண்டர். புதன்கிழமை மூன்றேகாலுக்கு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். சட்டையின் முழங்கை வரைக்கும் மாவு காய்ந்திருந்தது.

"என் சாவி வேலை செய்யலைங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து."

பெயர் தர்ஷிகா. சவ்வரிசி ஆலையில் தரம் பார்க்கிற வேலை. முந்தைய நாள் மாலை அறைக் கதவு திறக்காமல், திரும்ப ஆலைக்கே போய்க் கிடங்கில் மூட்டைகளின் மேல் படுத்திருக்கிறாள். காலையில் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தர்ஷிகாவோட சாவி தர்ஷிகாகிட்டதான் இருக்குதாம். நீங்க யாருன்னு நிரூபிச்சுட்டு வாங்கன்னாங்க."

திரையில் தேடினேன். நேற்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குச் சாவி மாற்றப்பட்டிருந்தது. மதிப்பெண் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எடுத்துக்கொண்ட நேரம் நாலு நிமிடம். மாற்றிக் கொடுத்த அலுவலரின் எண் என்னுடையது.

எனக்கு அந்த அழைப்பு ஞாபகம் இருந்தது. வேகமாக முடித்ததற்காகப் பெனிட்டா என் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்.

"யாரோ உங்களை மாதிரிப் பேசி வாங்கியிருக்காங்க. எல்லாக் கேள்விக்கும் சரியான பதில்."

பக்கத்துக் கவுண்டர் ஜாபர் எட்டிப் பார்த்தான். "பன்னெண்டுமா? எங்கத்தாவுக்கு அவரைப் பத்தியே நாலு தேறாதுப்பா. என் பேரையே என் தம்பி பேரைச் சொல்லிட்டு அப்பறம்தான் சொல்வாரு."

அவள் சிரிக்கவில்லை. "என்னையும் கேளுங்க," என்றாள்.

கேட்டேன். ஏழு சரியாக வந்தது. தவறிய ஐந்தில் ஒன்று பிறந்த நேரம். அதிகாலை நாலு பத்து என்றாள். இயந்திரம் சிவப்புக் காட்டியது.

"நாலு பத்துதாங்க. எங்கப்பா எத்தனை தடவை சொல்லியிருக்காரு. மழை பேஞ்சுட்டு இருந்துது, கரண்டு இல்ல, டாக்டரம்மா செல்போன் வெளிச்சத்துல மணி பார்த்தாங்கன்னு."

"இருக்கலாம். பதிவுல வேற இருக்கு."

சட்டையில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "பள்ளிக்கூடத்துல பதிவு முகாம் வெச்சப்ப எனக்கு ஒன்பது வயசு. படிவத்தை அம்மாதான் எழுதிக் குடுத்தாங்க," என்றாள். "நெஜ நேரத்துக்கு ஜாதகம் போட்டா செவ்வாய் தோஷம் வருதுன்னு ஜோசியர் நேரத்தை மாத்திப் போட்டாரு. அம்மா ஜாதகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பாங்க."

"அரசாங்கப் படிவத்துலயா பொய் எழுதினாங்க?"

"எங்க வீட்டுல அது பொய் இல்லைங்க. ஜாதகம்."

ஆறு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. இயந்திரத்தில் இருப்பது இவளுடைய ஞாபகம் இல்லை. இவளைப் பற்றி இவள் அம்மா எழுதிக் கொடுத்தது. மாநிலம் முழுவதும் ஒவ்வொருவரின் சாவிக்கும் விடை அவரவர் அம்மாவிடம் இருந்தது. திருடன் வெளியிலிருந்துதான் வருவான் என்று நினைத்துக் கட்டிய பூட்டு.

"அப்ப அம்மாதான் வாங்கியிருக்காங்க," என்றாள். குரலில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"அம்மான்னா பேசித் திரும்ப வாங்கிக்கலாமே. எதுக்குப் பயம்?"

"அம்மா தனியா இல்லைங்க."

துண்டு துண்டாகச் சொன்னாள். ஐந்து மாதத்துக்கு முன் கணவன் கிருத்திக்கை விட்டு வந்துவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. அவன் நேராக ராசிபுரத்தில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டான். தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறான், மாத்திரை வாங்கி வருகிறான், சாப்பிடும்போது அழுகிறான். கோகிலவாணிக்கு, அதுதான் இவள் அம்மாவின் பெயர், மருமகன் மேல் இரக்கம் வந்துவிட்டது. ஊரில் பேசுகிறவர்களிடம் எல்லாம் பெண்ணுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்கிறாள். சித்தி மகள் ஒருத்தி மூலமாக இவளுக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது.

"அம்மா நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணியிருப்பாங்க. கூட்டிட்டு வந்து சேர்த்து வெச்சிடலாம்னு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். புதுச் சாவி கைக்கு வந்தாலும் இருபத்து நாலு மணி நேரம் எதுவும் திறக்காது. அது ஒரு பாதுகாப்பு விதி. அந்த நேரம் இன்று ஐந்து ஐம்பத்திரண்டுக்கு முடிகிறது. அதற்குப் பிறகு சாவி வைத்திருப்பவருக்கு அவள் முகவரி தெரியும். முகவரி தெரிந்தால் போதும், கதவைத் தட்ட வேண்டியதில்லை. சாவிதான் கையில் இருக்கிறதே.

இதை அவளிடம் சொன்னேன். "எனக்கும் தெரியும்ங்க. அதனாலதான் ஓடி வந்தேன்," என்றாள்.

பெனிட்டாவின் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் வறுத்த பட்டாணி தின்றுகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை மெல்லுவதை நிறுத்தவில்லை.

"நேர்ச்சோதனை போடு," என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஏழு கேள்வி. யார் அதிகமோ அவங்க தர்ஷிகா."

"மேடம், எதிர்ப்பக்கம் பன்னெண்டும் சொன்ன ஆளு. இவங்க ஏழு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"சமமா வந்தா?"

"சாவி இப்ப யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கு." அவர் அவளைப் பார்த்தார். "இங்க பாரும்மா, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலை. ஆனா நாளைக்கு ஒருத்தி வந்து அழுதுட்டு உன் சாவியைக் கேட்டா, அவளுக்கும் நான் இதேதான் சொல்லணும். கண்ணீரைப் பார்த்துச் சாவி குடுத்தா இந்த ஆபீஸே வேண்டியதில்லை."

"நான் அழுவலைங்களே மேடம்," என்றாள் தர்ஷிகா.

பெனிட்டா பட்டாணிப் பொட்டலத்தை மடித்து வைத்தார். "ஏழுல ஒண்ணு அலுவலர் கேள்வி," என்று என்னிடம் சொன்னார். "பதிவுல இருக்கிற எதை வேணா எடுக்கலாம். உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொன்னது ஒரு உதவி. அவரால் முடிந்தது அவ்வளவு.

கவுண்டருக்குத் திரும்பி வந்தோம். மணி நாலரை.

"உங்க வாழ்க்கையில நடந்தது, அரசாங்கப் பதிவுல ஏறியிருக்கணும், ஆனா உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. அப்படி என்ன இருக்கு?"

யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள்.

"போன மார்ச்சுல இந்தக் கை ஒடைஞ்சுது." இடது கையை மேசையில் வைத்தாள். "ஆத்தூர்ல ஒரு எலும்பு ஆஸ்பத்திரி. ஒன்பது நாள் இருந்தேன். அம்மாகிட்ட ஏற்காடு போயிருக்கோம்னு சொன்னோம்."

"எப்படி ஒடைஞ்சுது?"

"மாடிப்படியில விழுந்தேன்னு எழுதியிருக்கும்."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமே. அவர் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்தா?"

"சொல்ல முடியாதுங்க. சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சு போயிடும். அந்த வீட்டுல அவரு உக்காந்து சோறு திங்கறதே அம்மாவுக்குத் தெரியாதுங்கற தைரியத்துலதான்."

"கேள்வியைக் கேட்டாலே உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடும். எலும்பு முறிவுன்னு கேள்விலேயே இருக்கும்."

அவள் மேசைமேல் இருந்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?" இது என் வேலைக்கு வேண்டாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"சொன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும்ங்க. ஒடனே கெளம்பி வாடின்னு சொல்லியிருப்பாங்க. இல்லாட்டி பொறுத்துக்கோன்னு சொல்லியிருப்பாங்க. எதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு பயமா இருந்துது." கையை எடுத்துக்கொண்டாள். "கேளுங்க. பரவாயில்ல."

ஐந்து பத்துக்கு எதிர்த்தரப்பை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். நேர்ச்சோதனை என்று அறிவித்தேன். மறுத்தால் கணக்கு இருவருக்கும் முடங்கும் என்பதைப் படித்தேன். மஞ்சள் புள்ளி எரிந்தது. யாரோ பக்கத்தில் பேசினார்கள். பிறகு அந்த ஒரே குரல், "கேளுங்க," என்றது.

தர்ஷிகாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்திருந்தேன். கேள்வி இருவருக்கும் கேட்கும். ஒருவர் பதில் மற்றவருக்குக் கேட்காது. எனக்கு இரண்டும் கேட்கும். இரண்டு காதிலும் ஒரே குரல். கேள்விகளின் வரிசையை இயந்திரம் கலைத்துப் போடும். அலுவலர் கேள்வி மூன்றாவதாக வந்து விழுந்தது.

வீட்டில் கூப்பிடும் பெயர். இருவரும் "பாப்பி" என்றார்கள். குலதெய்வம் இருக்கிற ஊர். இருவரும் சரி. எதிர்த்தரப்பு, கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னது.

மூன்றாவது கேள்வியைப் படித்தேன். "கடந்த மார்ச் மாதம், இடது முன்கை எலும்பு முறிவுக்காக நீங்கள் சேர்க்கப்பட்ட மருத்துவமனை எது?"

தர்ஷிகா உடனே சொன்னாள். சரி.

எதிர்த்தரப்பிலிருந்து சத்தமே இல்லை. ஒரு பதிலுக்கு அறுபது விநாடி. பதினைந்து போனது. இருபது போனது. மஞ்சள் புள்ளி எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. நாற்பதாவது விநாடியில் அந்தக் குரல் ஆத்தூர் மருத்துவமனையின் பெயரைச் சொன்னது. எந்தத் தெரு என்பது வரைக்கும் சொன்னது. பச்சை.

தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவன் சொல்ல மாட்டான் என்பது அவள் கணக்கு. அவனுக்கு முகவரி வேண்டியிருந்தது. மாமியாரின் நல்லெண்ணம் அதற்கப்புறம்தான்.

நான்காவது கேள்வி, பிறந்த நேரம். தர்ஷிகா மறுபடியும் நாலு பத்து என்றாள். சிவப்பு. பிடிவாதக்காரி.

"கேள்விய இன்னொரு தடவை சொல்லுங்க," என்றது எதிர்த்தரப்பு.

சொன்னேன்.

"அதிகாலை நாலு பத்து."

சிவப்பு. நேற்று இதே ஆள் இதே கேள்விக்கு ஆறு இருபது என்று சொல்லிப் பச்சை வாங்கியதை நான் பதிவில் பார்த்திருந்தேன். இன்று இரண்டு காதிலும் ஒரே தவறான விடை.

ஐந்தாவது, காது குத்திய மடி. தர்ஷிகா சின்ன மாமன் என்றாள். தவறு. ஒரு வயதில் நடந்ததை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பு, "பெரியத்தை மடியிலங்க," என்றது. தவறு.

ஆறாவது, முதல் தடுப்பூசி போட்ட ஊர். தர்ஷிகா ராசிபுரம் என்றாள். எதிர்த்தரப்பு, "மெட்ராஸ்," என்றது.

ஏழாவது, நட்சத்திரம். தர்ஷிகா அவிட்டம். எதிர்த்தரப்பு, "ரோகிணிங்க," என்றது.

இந்த நான்கு கேள்விக்கும் மஞ்சள் புள்ளி ஒரு தடவைகூட எரியவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கு விடைகள் தெரியாது. பெண்டாட்டி எந்த நட்சத்திரம் என்று தெரிந்திருந்தால் நேற்று மாமியாரின் உதவியே தேவைப்பட்டிருக்காது. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நம்பிக்கொண்டு நின்றிருப்பான்.

ஐந்துக்கு மூன்று. முடிவைப் படித்தேன். மஞ்சள் புள்ளி எரிந்தது. அதற்கப்புறம் அணையவே இல்லை.

தோற்றவரிடம் படிக்க வேண்டிய வாசகம் ஒன்று இருக்கிறது. அதை நான் மாற்றக் கூடாது. "கணக்கின் உரிமையாளரை உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்று இரு தரப்பில் ஒருவர் சொன்னாலும் இது குடும்ப வழக்காகப் பதிவாகும். தண்டனை இல்லை. சமரசத்துக்காக இரு தரப்பின் முகவரியும் மற்றவருக்குத் தரப்படும். இருவரும் தெரியாது என்றால் இது மோசடி. அழைத்த கருவியின் சொந்தக்காரருடைய சாவி மூன்று ஆண்டு முடக்கப்படும்."

கருவியின் சொந்தக்காரர் பெயர் திரையில் வந்திருந்தது. கோகிலவாணி, ராசிபுரம்.

"தெரியாது," என்றது குரல்.

"உறுதிப்படுத்த வேண்டும். கணக்கின் உரிமையாளரை..."

"இந்தப் புள்ளைய நான் பார்த்ததே இல்லீங்க. போதுமா?"

இணைப்பு அறுந்தது.

கண்ணாடி அறைக்குப் போய் அதே வாசகத்தைத் தர்ஷிகாவுக்குப் படித்தேன். மணி ஐந்து முப்பத்தைந்து.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சொல்லக் கூடாது."

"நான் எப்படி ஜெயிச்சேன்? அம்மாவுக்கு அது எதுவும் மறக்காதுங்க."

"பதில்களையும் சொல்லக் கூடாது."

என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் எதுவும் இருந்திருக்காது. அதற்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் அவள் எண்ணிக்கையைத் திரையில் பார்த்துவிட்டாள். எதிர்த்தரப்புக்கு மூன்று. விரல்விட்டு எண்ணுகிற மாதிரி எதையோ வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"மூணாவது கேள்விக்கு அந்தப் பக்கம் பதில் வந்துதா?"

நான் வாசகத் தாளை மடித்தேன்.

"வந்திருக்கு," என்றாள் அவளே. "அதுக்கப்பறம் எல்லாமே தப்பு." என் பக்கம் திரும்பி, "நான் தெரியும்னு சொன்னா அம்மாவுக்குத் தண்டனை கெடையாது. இல்லைங்களா?"

"கிடையாது."

"முகவரி போயிடும்."

"போயிடும்."

"சாவி முடங்கினா அவங்க வீட்டுக் கதவு?"

"நாளைக்குக் காலையில இருந்து வெளியே போக மட்டும்தான் திறக்கும். திரும்ப உள்ள போக முடியாது."

சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஐந்து நாற்பத்தாறுக்கு, "தெரியாதுங்க," என்றாள். "பார்த்ததே இல்ல."

அம்மா சொன்ன அதே வார்த்தை. பதிவு செய்தேன். சாவி அவள் பெயருக்குத் திரும்பியது.

போகும்போது இரண்டு விஷயம் கேட்டாள். முடக்கப்பட்டவர்கள் எங்கே வர வேண்டும் என்பது ஒன்று. ஏழு நாளைக்குள் இங்கேதான், நேரில் வந்து படிவம் கொடுக்க வேண்டும் என்றேன். கூட யாராவது வரலாமா என்பது இன்னொன்று. முடக்கப்பட்டவர் மட்டும்தான் உள்ளே வரலாம், கூட வருகிறவர்கள் முன்வாசலுக்கு வெளியே என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் காத்திருப்போர் நாற்காலியில் அவளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் வந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். ஜாபர், "உன்னைப் பார்க்கவாப்பா வர்றாங்க?" என்றான். அவனுக்கு வேறு எதுவும் தோன்றாது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கட்டைப்பை. வாசலில் கொடுத்த படிவத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரிசையைப் பார்த்தாள். தர்ஷிகாவைப் பார்த்தாள். நேராகப் போய் அவளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். இருவரும் முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் எட்டு கேமரா. பேச்சும் பதிவாகும். தெரியாது என்று உறுதிமொழி கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் வழக்கு மறுபடி திறக்கும்.

"கண்ணாடி கொண்டாரலை. யாராச்சும் இந்தப் படிவத்தை எழுதிக் குடுக்கறீங்களா?" என்றாள் அந்த அம்மாள், பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி. கண்ணாடி அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"குடுங்க, நான் எழுதறேன்," என்றாள் தர்ஷிகா. என் கவுண்டருக்கு நேர் எதிரே. எல்லாம் எனக்குக் கேட்டது.

"பேர் சொல்லுங்க."

"கோகிலவாணி."

"வயசு?"

"அம்பத்தாறு."

"வீட்டுக்காரர்?"

"இல்ல. போயி எட்டு வருசமாச்சு."

"புள்ளைங்க?"

"இல்லைன்னு போட்டுக்க கண்ணு."

எழுதினாள். அந்த அம்மாள் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷிகா இடது கைக்காரி என்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

"ரொம்ப எழுத வெச்சுட்டேன். கை வலிக்குதா?"

"இப்ப வலிக்கலைங்க."

"முன்னாடி வலிச்சுதா?"

"வலிச்சுதுங்க."

"யாருகிட்டயாவது சொல்லக் கூடாதா சாமி."

தர்ஷிகா பக்கத்தைத் திருப்பினாள். "இப்ப இருக்கற முகவரி?" என்று கேட்டாள்.

"அதாம் தெரியலை. வீட்டுக்குள்ள போவ முடியாது. வேற எங்கன்னு எழுதறது?"

தர்ஷிகா எதுவும் கேட்காமல் மூன்று வரி எழுதினாள். படிவத்தை அந்த அம்மாளிடம் நீட்டி, அந்த இடத்தில் விரலை வைத்து, "சரியா இருக்கான்னு படிச்சுப் பாருங்க," என்றாள்.

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "சரியா இருக்கு," என்றாள். தர்ஷிகா எழுந்து, இடைவேளை முடிந்ததுபோல மணியைப் பார்த்துவிட்டு, பின்பக்க மாடிப்படியில் இறங்கிப் போனாள்.

படிவம் என்னிடம் வந்தது. பிள்ளைகள்: இல்லை. முகவரியைப் பார்த்தேன். புதன்கிழமை என் திரையில் இருந்த அதே அறை எண். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று உறுதி சொன்ன இருவர் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்றால், அதை மேலே அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. என் இழுப்பறையிலேயே இருக்கிறது.

"கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"மருமவன். வெளிய வண்டியில நிக்கறாரு."

பிள்ளை இல்லாதவளுக்கு மருமகன். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என்னைப் பார்த்தபடி நின்றாள்.

முத்திரையைக் குத்திப் படிவத்தைக் கட்டுக்குள் வைத்தேன்.

"முன்வாசல்ல கூட்டமா இருக்கு," என்றேன். "அந்த மாடிப்படி வழியா எறங்குங்க. நேரா பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடும்."